மூட்டத்தில் முதலில் வந்தவர்

நஞ்சப்பனுக்கு முதன்முதலில் துரோகம் செய்தவர் மரியஅந்தோணி.

பிறகும் பலர் செய்தார்கள். பஞ்சாயத்துக் குழாய் அவர் வீட்டுக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டது. ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற நாளில் அவருக்குப் போட்ட மாலை, பக்கத்தில் நின்றவருக்குப் போட்டதைவிட ஒரு முழம் குட்டை. எதையும் அவர் மறக்கவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா? முதலிடம் மரியஅந்தோணிக்குத்தான். 1982 ஆகஸ்டு எட்டு, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி.

அன்றைக்குத் தேயிலை எஸ்டேட்டில் மூட்டை ஓட்டம். தினமும் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்திலிருந்து கிளம்பி, முதுகில் ஒரு மூட்டை கொழுந்தோடு, முக்கால் மைல் தேயிலைக்கு நடுவே ஓடி, ஃபேக்டரி கேட்டைத் தொட வேண்டும். ஜெயிப்பவர் சுதந்திர தினத்தன்று ஊட்டியில் நடக்கும் பந்தயத்தில் ஓடலாம். அவர் பெயரைத் தொழிலாளர் மன்றத்துச் சுவரில் தொங்கும் மரப்பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். நஞ்சப்பனுக்கு இருபத்துமூன்று வயது. ஊட்டியைப் பற்றி அவருக்குப் பெரிய ஆசை இல்லை. பலகையைப் பற்றித்தான் ஆசை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தன் பெயரை வேறொருவர் எழுதி, அதைப் பத்துப் பேர் படிக்க அவர் பார்த்ததே இல்லை.

அதற்காகவே ஜீப் டிரைவர் மனோகரனிடம் கெஞ்சி, முழங்கால் வரை வருகிற வெள்ளைச் சாக்ஸ் ஒரு ஜோடி இரவல் வாங்கி மாட்டியிருந்தார். கறுப்பு அரை டிராயர், கறுப்புப் பனியன், முதுகில் மூட்டை, காலில் வெள்ளைச் சாக்ஸ். கிளம்பும்போதே எல்லோரையும் முந்திவிட்டார். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. நீலகிரியில் ஆகஸ்டு மாத மூட்டம் என்றால், நீட்டின கையின் விரல் தெரியாது. நஞ்சப்பன் நிற்கவில்லை. மூச்சு புஸ் புஸ்ஸென்று இரைக்க, தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்.

கேட்டருகே இரண்டு பேர் சாக்கு தைக்கிற சணல் நூலை ஆளுக்கொரு முனை பிடித்து நிற்க வேண்டும். நூலை நெஞ்சால் அறுப்பவர்தான் முதல். நஞ்சப்பன் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தபோது ஒரு பக்கம் மரியஅந்தோணி தெரிந்தார். அப்போது அவர் ஃபேக்டரியில் எடை கிளார்க். மறுபக்கம் தலையோடு கம்பளி போர்த்திய ஏதோ ஓர் உருவம். நடுவில் நூல் இருக்க வேண்டுமே? இல்லை! நஞ்சப்பன் நூலைத் தேடிக்கொண்டே ஓடி, கேட்டைத் தாண்டி, கொழுந்து காயப்போடும் கொட்டகைக்குள் போய்த்தான் நின்றார். திரும்பி வந்து பார்த்தால், பின்னால் ஓடிவந்த நாச்சிமுத்துவின் நெஞ்சில் அறுந்த நூல் பூணூல் மாதிரி கிடக்கிறது. மரியஅந்தோணி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறார்.

"நான் எப்பவோ வந்துட்டேன்!" என்று கத்தினார் நஞ்சப்பன்.

"மூட்டத்துல ஒண்ணும் தெரியலே நஞ்சப்பா" என்றார் மரியஅந்தோணி.

அந்த ஒரு வாக்கியத்தை நாற்பத்திமூன்று வருடம் மாற்றாமல் வைத்திருக்கிறார் மனிதர்.

நாச்சிமுத்து இப்போது காரமடையில் மகன் வீட்டில் இருக்கிறார். அவர்மேல் நஞ்சப்பனுக்குக் கோபம் கிடையாது. ஓடினவன் ஓடினான். நூலை இறக்கினவன்தானே குற்றவாளி?

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது. விளையாட்டில் யார் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் பேப்பரிலிருந்து வெட்டி ஒட்டி வைக்க ஆரம்பித்தார். நோட்டு நோட்டாகச் சேர்ந்தது. ஓய்வு பெற்ற பிறகு மன்றத்து வாசலில் இருக்கும் கரும்பலகையை அவரிடம் கொடுத்தார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு, 'இன்று விளையாட்டில்' என்று தலைப்புப் போட்டு, சாக்பீஸால் ஐந்து வரி எழுதுவார். குன்னூர் பஸ்ஸுக்கு நிற்கிற டீச்சர்களும் ஆபீஸ்காரர்களும் அதைப் படித்துவிட்டுத்தான் ஏறுவார்கள். ஆறாவது வரிக்குப் பலகையில் இடமில்லை.

கபில்தேவ் பிறந்த நாள் கேளுங்கள், தூக்கத்தில் சொல்வார். ஜனவரி ஆறு. ஆனந்த்? டிசம்பர் பதினொன்று. மகள் மாலதி பிறந்த தேதிகூட அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் கவாஸ்கர் பத்தாயிரமாவது ரன்னை எடுத்தார்.

ஆகஸ்டு எட்டு மட்டும் அவருக்கு வேறு கணக்கு. 1984இல் அதே தேதியில்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா, நூற்றில் ஒரு பங்கு நொடியில் பதக்கத்தைத் தவறவிட்டார். "எனக்கு ரெண்டு வருசம் கழிச்சு, அதே தேதி" என்பார் நஞ்சப்பன், ஏதோ உஷாவும் அவரும் ஒரே வீட்டில் வளர்ந்த மாதிரி. "அந்தப் புள்ளைக்காவது நூறுல ஒரு பங்கு. எனக்கு அதுகூட இல்லீங்க. நூலே இல்லை."

தன் 1982 ஓட்டத்தையும் ஒரு வரியாக அந்தக் கரும்பலகையில் ஏற்றிவிட அவர் செய்யாத முயற்சி இல்லை. ஒரு வருடம் உஷாவுக்கு மேலே பொடி எழுத்தில் எழுதினார். எட்டு மணிக்குள் மரியஅந்தோணி ஈரத்துணியால் துடைத்துவிட்டார். அவர்தான் மன்றத்துச் செயலாளர்! அடுத்த வருடம் நஞ்சப்பன் எனாமல் பெயிண்டால் எழுதினார். பலகையையே கழற்றிக் கறுப்படிக்க வேண்டியதாயிற்று. மூன்று நாள் பஸ் ஸ்டாப்பில் யாருக்கும் விளையாட்டு வரலாறு இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. பேப்பரில் வந்ததை எழுதலாம். பேப்பரில் வராததென்றால், நேரில் பார்த்த இரண்டு பேர் மன்றத்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் எழுதினதைத்தான் பலகையில் எழுத வேண்டும்.

இந்த வருடம் விஷயம் முற்றிவிட்டது. மாதக் கடைசியில் மரியஅந்தோணி, மகன் லியோவோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார். நிரந்தரமாக. விஷயம் தெரிந்த அன்றே, ஆகஸ்டு முதல் தேதி, நஞ்சப்பன் மன்றத்துக்குப் போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தோணி, ஊரை விட்டே போறீங்களாமா?"

"லியோ கூப்பிடறான். இந்தக் குளுரு எலும்புக்கு ஆகலேங்கறான்."

"போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லீட்டுப் போங்க."

"மூட்டம்."

"நான் இன்னும் கேக்கவே இல்லீங்களே!"

"நாப்பத்திமூணு வருசமா ஒரே கேள்விதான நஞ்சப்பா. பதிலைக் கையிலேயே வெச்சிருக்கேன்."

நஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி. நூலோட அந்த முனையப் பிடிச்சது யாரு?"

மரியஅந்தோணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. "அதுவும் மூட்டம்தான்."

"எட்டடியில நின்ன ஆளு தெரியலீங்களா?"

"என் கையே எனக்குத் தெரியலே. நூலை நீட்டுனேன். யாரோ பிடிச்சாங்க."

"அந்த ஆளு வந்து சொன்னா ஒத்துக்குவீங்களா?"

மரியஅந்தோணி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வந்து, 'நாந்தான் பிடிச்சேன், இன்னது நடந்துச்சு'ன்னு நோட்டுல எழுதட்டும். கீழ நானும் கையெழுத்துப் போடறேன். போர்டுல நீயே எழுதிக்க. நான் துடைக்க மாட்டேன்."

வீட்டுக்கு ஏறுகிற படிக்கட்டுப் பாதையில் பாதி தூரம் வந்தபோது நஞ்சப்பனுக்கு அது பளிச்சென்று தோன்றியது. நின்றே விட்டார்.

அந்த உருவம் யாரென்று மரியஅந்தோணிக்கே தெரியாது. அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் யார் வேண்டுமானாலும் வந்து 'நான்தான்' என்று சொல்லலாம்! மூட்டத்தில் எதுவுமே தெரியவில்லை என்று நாற்பத்திமூன்று வருடம் சாதித்த மனிதர், 'இந்த ஆள் இல்லை' என்று எந்த வாயால் சொல்வார்?

யாரைச் சொல்லச் சொல்வது? வெளியாட்கள் வாய் நிற்காது. வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறாளே. அப்போது அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவள். நாற்பத்திரண்டு வருடமாக அவர் சமையலறையில் இருப்பவள். மருதாம்பாள்.

தன் மூளையை நினைத்து நஞ்சப்பனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை மருதாம்பாள் எழுந்து வந்தபோது, வாசல் பெருக்கியிருந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. தட்டில் டீக்குத் தொட்டுக்கொள்ள ஆறு வர்க்கி பிஸ்கட் அடுக்கியிருந்தது. நஞ்சப்பன் டம்ளரில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"எனக்கென்ன? கல்லாட்டம் இருக்கேன். நீ உக்காரு மருதா."

"டாக்டர் ஏதாச்சும் சொன்னாருங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"ஒரு மனுசன் பொண்டாட்டிக்கு டீ ஆத்தக் கூடாதா?"

"ஆத்தலாமுங்க. நாப்பத்திரண்டு வருசத்துல இன்னைக்குத்தான் ஆறுது, அதான் கேட்டேன்."

மூன்று நாள் இப்படி நடந்தது. விறகு உடைத்தார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார். அவள் சொல்லாமலேயே பீன்ஸுக்கு நார் உரித்தார், பாதி பீன்ஸும் நாரோடு போயிற்று. நான்காம் நாள் அவளே கேட்டுவிட்டாள்.

"சொல்லிப்போடுங்க மாமா. எனக்குப் பயமா இருக்குது."

நஞ்சப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு திட்டத்தைச் சொன்னார். மருதாம்பாள் கையிலிருந்த கத்தி கேரட்டின்மேல் அப்படியே நின்றது. அவள் முகத்தில் என்னவோ வந்து போனது. கோபம் என்று நினைத்துக்கொண்டார் நஞ்சப்பன்.

"நூலோட அந்த முனையப் பிடிச்சது நான்னு சொல்லணுமா?"

"ஆமா."

"அந்தோணி அண்ணன் முன்னால?"

"அவருக்குத்தான் யாருன்னே தெரியாதே!"

"அப்படின்னு அவரே சொன்னாருங்களா?"

"அவரு வாயாலயே."

மருதாம்பாள் குனிந்து கேரட்டைப் பார்த்தாள். தோள் லேசாகக் குலுங்கியது. "பொய் சொல்லச் சொல்றீங்க, இந்த வயசுல."

"பொய்யில்ல புள்ள. நான் முதல்ல வந்தது நெசம். அந்த நெசத்துக்கு ஒரு முட்டு குடுக்கறோம், அவ்வளவுதான். அந்தாளு போயிட்டா அப்புறம் யாருகிட்ட போயி கேப்பேன்? என் பேரு ஒரு நாளாச்சும் அந்தப் போர்டுல இருக்கட்டும். ஒரே ஒரு நாளு." கடைசி வார்த்தையில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. அது திட்டத்தில் இல்லாதது.

மருதாம்பாள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரிங்க. எழுதறேன். ஆனா மூணு விசயம்."

"மூணென்ன, முப்பது சொல்லு!"

"ஒண்ணு, இந்த டீ ஆத்தறது நிக்கக் கூடாது."

"நிக்காது."

"ரெண்டு, நான் எழுதறதை நாந்தான் எழுதுவேன். நீங்க சொல்லிக் குடுக்கக் கூடாது. எழுதி முடிக்கற வரைக்கும் உள்ளயே வரக் கூடாது."

"வரலே."

"மூணாவது, என் பொறந்த நாளை அந்தப் போர்டுல எழுதணும்."

நஞ்சப்பன் சிரித்துவிட்டார். "உனக்கேது புள்ள பொறந்த நாளு? உங்கம்மாவுக்கே தெரியாதுன்னு உங்கண்ணன் சொன்னானே."

"ஆதார் கார்டு பாருங்க."

பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தரம் பார்த்தார். 08.08.1963.

"எட்டு எட்டா?"

"எட்டு எட்டுதானுங்க. எஸ்டேட்டுல பேரு பதிஞ்சதுல இருந்து அதுதான். ரேசன் கார்டு, வோட்டர் கார்டு, பென்சன் பேப்பரு, எல்லாத்துலயும்."

நஞ்சப்பனுக்கு எங்கேயோ சுருக்கென்றது. நியூசிலாந்து கிரிக்கெட்காரர் கேன் வில்லியம்சன் பிறந்ததும் ஆகஸ்டு எட்டு என்று தெரிந்து வைத்திருக்கிறார். அவரை இவர் பார்த்தது கூட இல்லை.

"அது கிளார்க் குத்துமதிப்பா எழுதினதா இருக்கும்" என்று சமாளித்தார்.

"இருக்குமுங்க" என்றாள் மருதாம்பாள்.

ஆகஸ்டு எட்டு, வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்கே இரண்டு பேரும் மன்றத்து வாசலில் நின்றார்கள். மருதாம்பாள் அரக்குக் கலர் சேலை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டிருந்தாள். தூறலும் மூட்டமுமாக இருந்தது. எதிரில் இருந்த ஃபேக்டரிச் சிம்னி தெரியவில்லை. மரியஅந்தோணி உள்ளே மேஜையில் நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

நஞ்சப்பன் முந்தின நாள் மாலையே பலகையைத் தயார் செய்திருந்தார். 1981, டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பிறந்தார். 1984, பி.டி. உஷா. 2008, பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்கம். 2024, பாரிஸில் இந்திய ஹாக்கி அணிக்கு வெண்கலம். வில்லியம்சனை ஏற்கெனவே அழித்துவிட்டு, அந்த இடத்தை 1982க்காகக் காலியாக விட்டிருந்தார்.

"என் வரி எங்கீங்க?" என்றாள் மருதாம்பாள்.

"இடமில்லையே புள்ள. அடுத்த வருசம்…"

"அப்ப நானும் அடுத்த வருசம் எழுதறேன்."

"இரு, இரு! யாரை எடுக்கறது சொல்லு? உஷாவை எடுக்க முடியாது. ஒலிம்பிக்கை எடுத்தா டீச்சருங்க கேப்பாங்க. ஹாக்கி நம்ம நாட்டுது."

"மேல ஒருத்தரு இருக்காரே."

"ஃபெடரரா! இருபது கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்சவரு புள்ள!"

"இருக்கட்டுமுங்க. உங்களுக்கு ஒரு நாளாச்சும் சோறாக்கிப் போட்டிருக்காருங்களா?"

பஸ்ஸுக்கு நின்ற கெஸியா டீச்சர் குடைக்குள் சிரிப்பை அடக்கினார். நஞ்சப்பன் ஃபெடரரை அழித்தார். அழிக்கும்போது மனதுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அந்த இடத்தில், '1963, மருதாம்பாள் பிறந்தார்' என்று எழுதினார். எழுதிவிட்டு ஒரு கணம் பார்த்தார். பிறகு 'மருதாம்பாள்' என்பதை அழித்து, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதினார். நன்றாகத்தான் இருந்தது.

மருதாம்பாள் அதைப் படித்தாள். வாய்விட்டு, எழுத்துக் கூட்டி, இரண்டு தரம் படித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நஞ்சப்பன் வாக்குத் தவறவில்லை. தூறலில் வெளியே நின்றார். ஐந்து நிமிடம் ஆனது. பேனா கீறுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு உள்ளே மரியஅந்தோணி சிரிக்கிற சத்தம். இருமல் வருகிற அளவுக்குச் சிரிப்பு. மாட்டிக்கொண்டாள்! இனி உள்ளே போகாமல் எப்படி?

"அந்தோணி, அவளைச் சொல்லிக் குத்தமில்லை" என்று ஆரம்பித்துக்கொண்டே நுழைந்தார். "நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

"என்ன பொய்?" என்றார் மரியஅந்தோணி, கண்ணைத் துடைத்தபடி.

"நூலைப் பிடிச்சது இவதான்னு…"

"இவதான பிடிச்சா."

நஞ்சப்பன் இவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் இவரைப் பார்த்தார்.

"தங்கச்சியே எழுதிட்டா. இனி எனக்கென்ன?" என்று மரியஅந்தோணி நாற்காலியில் சாய்ந்தார். "அப்பாடா! நாப்பத்திமூணு வருசம். கர்த்தர்கிட்டகூட இவ்வளவு நாளு ஒண்ணை மறைச்சதில்ல."

"மருதா! நீயா?"

"நானுங்க."

"அந்தக் கம்பளி?"

"எங்கம்மா கம்பளிங்க. வேலைக்கு வந்து ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு. நிரந்தர வேலைக்கு இன்னும் பேரு பதியலே. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, 'இந்த முனையப் பிடிச்சிட்டு நில்லு புள்ள, அசையாத'ன்னாரு. நின்னேன். மூட்டத்துக்குள்ள இருந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம். கறுப்பா, குனிஞ்சிட்டு, முதுகுல திமிலோட வருது. காலைப் பாத்தேன். முழங்காலுக்குக் கீழ வெள்ளை."

நஞ்சப்பனுக்கு மெல்ல விளங்கியது. நீலகிரியில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், கறுத்த உடம்பும் திமிலும் வெள்ளைக் காலுமாகத் தேயிலைக்குள்ளிருந்து வருவது எது என்று.

"காட்டெருமைன்னு நெனச்சியா?"

"நெனக்கலீங்க. பாத்தேன். நூலைப் போட்டுட்டு ஓடியே போயிட்டேன்."

"நான்தான் அந்த முனையை எடுத்துக் கேட்டுல கட்டுனேன்" என்றார் மரியஅந்தோணி. "கட்டி நிமிந்தா நாச்சிமுத்து வந்து அறுத்துட்டான். மேனேஜர் உள்ள நிக்கறாரு. இந்த விசயம் தெரிஞ்சா இந்தப் புள்ளைக்குப் பேரு பதிய மாட்டாங்க. அழுதுச்சு. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன். அடுத்த வருசம் பாத்தா, போயும் போயும் உன்னையே கட்டிக்குது!"

"சொல்லியிருக்கலாமில்ல புள்ள?" நஞ்சப்பனின் குரல் கீச்சென்று வந்தது.

"பொண்ணு பாக்க வந்தப்ப சொல்லியிருந்தா கட்டியிருப்பீங்களா?"

நஞ்சப்பன் யோசித்தார். யோசித்ததே தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். "கட்டின பொறகாச்சும்?"

"கட்டின பொறகு தினமும் அண்ணனைத் திட்டிட்டே சோறு உண்டீங்க. நெம்ப ருசியா உண்டீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்த ஓட்டத்துக்கு அடுத்த வாரம் ஆபீசுல பேரு பதியறப்ப கிளார்க்கு பொறந்த தேதி கேட்டாருங்க. எனக்கு எந்தத் தேதியும் தெரியாது. நெனப்புல இருந்தது அந்த ஒரு தேதிதான். அதையே சொல்லிப்போட்டேன்."

வெளியே குன்னூர் பஸ் மூட்டத்துக்குள் ஹாரன் அடித்தது. நஞ்சப்பனுக்குத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மரியஅந்தோணி எதிரில் இருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. எத்தனை ஆயிரம் வேளைச் சோற்றோடு இந்த மனிதரைத் திட்டியிருப்பார்!

"அந்தோணி…" என்றார்.

"பரவாயில்ல நஞ்சப்பா. மூட்டம்."

மனது லேசாகி, நஞ்சப்பன் ஒரு பெரிய மூச்சு விட்டார். எது எப்படியோ, ஜெயித்தது அவர்தான். சாட்சி உண்மையான சாட்சி. கையெழுத்து உண்மையான கையெழுத்து. சாக்பீஸை எடுத்துக்கொண்டு, நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். மருதாம்பாளின் குண்டு குண்டான எழுத்து.

'8.8.1982 மூட்டை ஓட்டத்தில் நூலின் ஒரு முனையைப் பிடித்தது நான். முதலில் வந்தது ஒரு காட்டெருமை. இரண்டாவது வந்தவர் நாச்சிமுத்து. இது சத்தியம். இப்படிக்கு, ந. மருதாம்பாள்.'

கீழே மரியஅந்தோணியின் கையெழுத்து. மை இன்னும் காயவில்லை.

"இதென்ன புள்ள! என் பேரு எங்கே?"

"கண்ணால பாத்ததைத்தான எழுதணும்? நான் பாத்தது அதுதானுங்க. இந்த வயசுல பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அந்தக் காட்டெருமை நாந்தான!"

"அதைப் பக்கத்துல நின்னு பாத்த இன்னொரு சாட்சி இருந்தாக் கூட்டிட்டு வாங்க."

"அந்தோணி, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"மூட்டம்" என்றார் மரியஅந்தோணி.

"அடுத்த வருசம் பாத்துக்கலாமுங்க" என்று மருதாம்பாள் அவர் ஸ்வெட்டர் காலரைச் சரிசெய்தாள். "அண்ணன் போனாப் போகட்டும். நான் எங்கயும் போக மாட்டேன். ஊட்டுக்கு வாங்க, டீ ஆத்தணுமில்ல?"

சட்டம் சட்டம்தான். நோட்டில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். நஞ்சப்பன் வெளியே வந்து, மருதாம்பாளுக்குக் கீழே, உஷாவுக்கு மேலே, நாற்பத்திமூன்று வருடமாகக் காத்திருந்த அந்த வரியைத் தன் கையாலேயே எழுதினார். கெஸியா டீச்சர் குடையைச் சாய்த்து உரக்கப் படித்தார்.

"1982, மூட்டை ஓட்டத்தில் காட்டெருமை முதலிடம்."